எப்போதாவது மட்டும் வெடிக்காத ரிவால்வர்

அடியோடு வெடிக்காமல் போன துப்பாக்கியைப் பழுதுபார்ப்பது சுலபம். எங்கேயோ ஒன்று உடைந்திருக்கும், கழற்றினால் கண்ணில் பட்டுவிடும். ஒழுங்காக வெடித்துக்கொண்டே வந்து நடுவில் ஒன்று மட்டும் டொக் என்று நின்றுபோகிறதே, அதுதான் ஆளைப் படுத்தியெடுக்கும். என்னிடம் இருக்கும் .22 லாங் ரைஃபிள் ரிவால்வர் அந்த ரகம். ஆறு சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) கொண்ட சிலிண்டர், ஆறு அங்குலக் குழல், டபுள் ஆக்‌ஷன், அதாவது டிரிகரை இழுத்தாலே ஹேமர் (அடிக்கும் சுத்தியல்) பின்னுக்குப் போய் விழும். கைப்பிடிக்குள் ஹேமரை இயக்கும் பட்டையான தகடு ஸ்பிரிங். எனக்கு முன்னால் வேறு கைகளில் இருந்து வந்தது. 50 தோட்டாப் பெட்டி ஒன்றைச் சுட்டு முடித்தால் சில நாள் நாலைந்து வெடிக்காமல் கிடக்கும், சில நாள் ஒன்றுகூடக் கிடக்காது. அந்தச் சில நாள்தான் கெடுதல். சரியாகிவிட்டது என்று நம்பவைத்துவிட்டு அடுத்த முறை மறுபடியும் ஆரம்பிக்கும்.

இப்போது அந்தக் கோளாறு நின்றுவிட்டது. எந்த வரிசையில் பார்த்தேன், எது பலித்தது, எது வீண் என்பதை அளவுகளோடு எழுதிவைக்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். டிரிகரை இழுத்து வெடிக்கவில்லை என்றால், குழலை இலக்குப் பக்கமே நீட்டியபடி குறைந்தது 30 விநாடி அப்படியே நிற்க வேண்டும். மருந்து மெதுவாகப் பற்றித் தாமதமாக வெடிப்பது அபூர்வம், ஆனால் நடக்காதது இல்லை. ரிவால்வரில் இதோடு இன்னொரு வில்லங்கம் உண்டு. டபுள் ஆக்‌ஷனில் பழகிய விரல் யோசிக்காமல் மறுபடி இழுத்துவிடும். இழுத்தால் சிலிண்டர் ஒரு சேம்பர் சுழன்றுவிடும். பற்றிக்கொண்டிருக்கும் தோட்டா அப்போது குழலுக்கு நேராக இல்லாமல் சட்டத்தின் ஓரத்தில் போய் நிற்கும். அங்கே வெடித்தால் குண்டு போக வழியில்லை. அதனால் இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் டொக் கேட்டவுடன் விரலை டிரிகரை விட்டு வெளியே எடுத்து, மனதுக்குள் எண்ணி முடித்த பிறகுதான் அடுத்த வேலை. பட்டறையில் செய்த வேலை முழுவதும் சிலிண்டரைத் திறந்து, ஆறு அறையையும் கண்ணால் பார்த்து, விரலால் தடவிப் பார்த்த பிறகு. தோட்டாப் பெட்டியை அந்த மேசைக்கே கொண்டுவரவில்லை.

ரிம்ஃபயர், அதாவது விளிம்பில் அடித்து வெடிக்கவைக்கும் தோட்டா, எப்படி வெடிக்கிறது என்பதை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் அளவுகளுக்கு அது வேண்டும். இந்தத் தோட்டாவில் தனியாகப் பிரைமர் (அடிபட்டதும் பொறி கிளப்பும் குட்டி மூடி) கிடையாது. ஈரமான தூண்டுமருந்தைக் கேஸின் (தோட்டாவின் பித்தளைக் கூடு) அடியில் போட்டு வேகமாகச் சுழற்றுவார்கள், அது அடிவிளிம்பின் மடிப்புக்குள் போய் ஒட்டிக் காய்ந்துவிடும். ஹேமரின் அடியை வாங்கும் முள்ளான ஃபயரிங் பின் அந்த விளிம்பை அடித்து, தனக்கும் சேம்பரின் ஓரத்துக்கும் நடுவில் வைத்து நசுக்கினால்தான் பொறி கிளம்பும். ஆக, அடி பலமாக இருக்க வேண்டும், விளிம்புக்கு முன்னால் அசையாத முட்டு இருக்க வேண்டும், அடிபட்ட இடத்தில் மருந்து இருக்க வேண்டும். நான் தேடியதெல்லாம் இந்த மூன்றுக்குள்தான்.

முதல் வேலை, எதையும் கழற்றாமல் கணக்கெடுப்பது. பெர்மனென்ட் மார்க்கரால் சிலிண்டரின் வெளிப்பக்கம் ஒவ்வொரு சேம்பருக்கும் நேராக 1 முதல் 6 வரை எழுதினேன். சாராயம் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும், பூச்சுக்கு ஒன்றும் ஆகாது. சிறு நோட்டில் நாலு பத்தி போட்டேன்: எந்த சேம்பர், (ஹேமரைக் கட்டைவிரலால் இழுத்துவைத்துச் சுடும்) சிங்கிள் ஆக்‌ஷனா டபுள் ஆக்‌ஷனா, எந்த வகைத் தோட்டா, மறு அடியில் என்ன ஆனது. வெடிக்காத தோட்டாவின் பக்கவாட்டில் சேம்பர் எண்ணை எழுதித் தனி டப்பாவில் போட்டேன்.

மறு அடிதான் இதில் முக்கியம். காத்திருப்பு முடிந்ததும் சிலிண்டரைத் திறக்காமல், அதே தோட்டா மறுபடி ஹேமருக்கு நேராக வரும்படி சிலிண்டரைச் சுற்றி, அதே இடத்தில் இன்னொரு அடி. இப்போது வெடித்தால் தோட்டாமேல் குற்றமில்லை. ஒன்று, முதல் அடியின் பலம் தோட்டாவை உள்ளே தள்ளுவதில் செலவாகியிருக்கிறது, இல்லையென்றால் அடியே சோப்ளாங்கி. மறு அடியிலும் வெடிக்காவிட்டால், மறுபடி காத்திருந்து, தோட்டாவை வெளியே எடுத்து அரைச்சுற்று திருப்பிப் போட்டு ஓர் அடி. அதில் வெடித்தால், முதலில் அடிபட்ட இடத்தில் மருந்து ஓடவில்லை என்று பொருள். அது தோட்டா செய்த இடத்துக் குறை. அதற்கும் மசியாதது நமுத்துப்போன தோட்டாதான், சுடுதளத்தில் அதற்கென்று இருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று இடுக்கியால் பிரித்துப் பார்க்கும் ஆசை எனக்கு வந்ததே இல்லை, உங்களுக்கும் வர வேண்டாம்.

வெடித்த கேஸ்களையும் சேர்த்து வைத்துக்கொண்டேன், ஒப்பிட்டுப் பார்க்க. பத்து மடங்கு லென்ஸ், பக்கவாட்டில் இருந்து ஒரு சின்ன டார்ச் வெளிச்சம். நேராக வெளிச்சம் அடித்தால் பள்ளத்தின் ஆழமே தெரியாது, பக்கத்திலிருந்து அடித்தால் நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். நன்றாக வெடித்த கேஸில் பின்னின் தடம் செவ்வகமாக, ஓரம் கூர்மையாக, அடி தட்டையாக இருந்தது. விளிம்பின் பித்தளை அந்த இடத்தில் லேசாக வெளியே பிதுங்கியும் இருந்தது. வெடிக்காததில் தடம் இருந்தது, ஆனால் நகத்தால் அழுத்தியதுபோல ஓரம் மழுங்கிக் கிடந்தது. பித்தளை எங்கும் பிதுங்கவில்லை. எல்லாம் ஒரே இடத்தில்தான் விழுந்திருந்தன, ஆகவே பின் இடம் தவறி அடிக்கவில்லை. இந்த ஒரு பார்வையிலேயே பாதிக் கேள்வி முடிந்துவிட்டது.

நோட்டைப் பார்த்தால் இரண்டு விஷயம் துருத்திக்கொண்டு நின்றன. வெடிக்காதவை பெரும்பாலும் டபுள் ஆக்‌ஷனில். ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துச் சுட்டபோது மிக அபூர்வம். டபுள் ஆக்‌ஷனில் ஹேமர் முழுத் தூரம் பின்னால் போவதில்லை, கொஞ்சம் முன்னாலேயே விடுபட்டுவிடும், அதனால் அடி சற்றுக் குறைவு. எல்லையில் ஊசலாடும் துப்பாக்கி அங்கேதான் முதலில் தவறும். இரண்டாவது, 2-ம் 5-ம் சேம்பர்களில் கணக்கு அதிகம். ஆனால் மற்றவற்றிலும் இருந்தது. ஒரே சேம்பர் என்றால் சேம்பரைப் பார்க்கலாம், எல்லாவற்றிலும் சமமாக என்றால் ஸ்பிரிங்கையும் ஹேமரையும் பார்க்கலாம். இங்கே இரண்டும் கலந்து கிடந்தது, அதுதான் குழப்பியது.

தோட்டாவை மாற்றிப் பார்த்தேன், எல்லாரும் முதலில் செய்வதுதான். மொத்தமாக வரும் மலிவு ரகத்தை விட்டு ஸ்டாண்டர்டு வெலாசிட்டி (வேகம் மிதமான) ரகம் ஒன்றுக்குப் போனேன். பெட்டி முழுக்க ஒரு தவறும் இல்லை. தீர்ந்தது என்று நோட்டை மூடிவைத்தேன். அடுத்தடுத்த பெட்டிகளில் அதே ரகம் அதே டொக். திரும்பிப் பார்த்தால், அந்த நல்ல பெட்டிக்கு முன்புதான் சேம்பர்களைத் துடைத்திருந்தேன். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. அதற்குப் பிறகு ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும்.

துடைத்த சேம்பருக்கும் துடைக்காததற்கும் இவ்வளவு வித்தியாசமா என்று தோட்டாவை நழுவவிட்டுப் பார்த்தேன். சுத்தமான சேம்பரில் தோட்டா தன் எடையிலேயே இறங்கி விளிம்பு போய் உட்கார்ந்தது. ஒரு பெட்டி சுட்ட பிறகு கடைசி ஒரு மில்லிமீட்டர் நிற்கிறது, கட்டைவிரலால் அழுத்தினால்தான் போகிறது. அழுத்தாமல் மூடினால் ஹேமர்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். தோட்டாவைத் தள்ளுவதில் பாதி பலம் போய்விட்டால் நசுக்குவதற்கு என்ன மிஞ்சும்?

சாதாரணத் துடைப்பில் போகாத ஒரு வளையம் சேம்பருக்குள் இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் நடுப்பகுதியில் கறுப்பாக ஒரு மேடு. .22 ஷார்ட் தோட்டாவின் கேஸ் நீளம் சுமார் 10.7 மி.மீ., லாங் ரைஃபிள் கேஸ் சுமார் 15.6 மி.மீ. ஷார்ட் சுடும்போது அதன் வாய் முடியும் இடத்தில் ஈயமும் மெழுகும் கரியும் சேர்ந்து வளையமாகப் படியும். பிறகு லாங் ரைஃபிள் போட்டால் கேஸ் அந்த வளையத்தைத் தாண்டித்தான் உட்கார வேண்டும். முன்பு வைத்திருந்தவர் ஷார்ட் நிறையச் சுட்டிருப்பார் போல. தப்பில்லை, சுடலாம், ஆனால் அப்புறம் தேய்க்க வேண்டும்.

தேய்ப்பதற்கு .22 அளவு வெண்கல பிரஷ் புதிதாக ஒன்று, குட்டைத் தண்டில். தேய்ந்த பிரஷ் இதற்கு உதவாது, வளையத்தின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். கரைப்பானைத் தொட்டு ஒவ்வொரு சேம்பரிலும் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, பிரஷ்ஷை உள்ளே விட்டுத் திருகித் திருகி வெளியே எடுத்தேன். துணியில் சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக வந்தது. அது ஈயம், ஆகவே கையுறை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல். டிரில்லில் மாட்டிச் சுற்றலாமா என்று தோன்றியது, விட்டுவிட்டேன், ஆறு ஓட்டைக்கு அவ்வளவு அவசரம் இல்லை. கடைசியில் காய்ந்த துணியால் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்தேன். சேம்பரில் எண்ணெயை விட்டால் அது தோட்டாவுக்குள் இறங்கி மருந்தைக் கெடுக்கும், ஊடுருவும் எண்ணெய் ரகங்கள் என்றால் இன்னும் மோசம்.

சேம்பரைவிட, காலிக் கேஸ்களை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்தின் அடி மோசமாக இருந்தது. நட்சத்திரத்தைத் தூக்கிப் பார்த்தால் எரியாத மருந்துத் துகள்கள் பிசுக்கோடு சேர்ந்து இறுகிக் கிடந்தன. அது கீழே முழுசாக உட்காராவிட்டால் ஆறு தோட்டாவின் விளிம்பையும் சேர்த்து மேலே தூக்கிப் பிடிக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ், மூங்கில் குச்சி, கரைப்பான், அவ்வளவுதான். விளிம்பு உட்காரும் பள்ளத்தின் மூலைகளையும் அதே குச்சியால் சுரண்டினேன். இரும்புக் கம்பி அங்கே போகக் கூடாது, கீறல் விழுந்தால் அதிலேயே அடுத்த பிசுக்கு பிடிக்கும்.

சுத்தம் செய்ததன் பலனை அளக்க முடியுமா என்று பார்த்தேன். வெடித்த காலிக் கேஸ்களை, பின்னின் தடம் குறுக்கே வராதபடி திருப்பிப் போட்டு, சிலிண்டரை மூடி, கேஸின் அடிக்கும் பின்தகட்டுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டேன். சுத்தத்துக்குப் பிறகு 0.15 மி.மீ. இலை இறங்கியது. ஒரு பெட்டி சுட்ட பின் இதையே செய்தால் இடத்துக்கு இடம் மாறியது, ஒன்றிரண்டு சேம்பரில் இலையே நுழையவில்லை, விளிம்பு அந்த அளவு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. தோட்டாவின் விளிம்புத் தடிமனும் முழுக்க ஒரே மாதிரி இல்லை. தரக்கட்டுப்பாட்டு வரம்பே 0.91 முதல் 1.09 மி.மீ. வரை விடுகிறது. என்னிடமிருந்த இரண்டு ரகங்களையும் மைக்ரோமீட்டரில் வைத்தபோது மலிவு ரகம் அந்த வரம்புக்குள் நன்றாகவே அலைந்தது, மற்றது ஓரளவு கட்டுக்குள் நின்றது. மெல்லிய விளிம்பு என்றால் பின் இன்னும் கொஞ்சம் தூரம் போய் அடிக்க வேண்டும்.

இதற்குப் பிறகு தவறுவது பாதியாகக் குறைந்தது. மிச்சமிருந்தவற்றில் 2-ம் 5-ம் பளிச்சென்று தனியாகத் தெரிந்தன.

அந்த இரண்டு சேம்பரிலிருந்து எடுத்த கேஸ்களில் நீளவாக்கில் மெல்லிய கீறல் ஒன்று ஓடியது. சேம்பரின் ஓரத்தை லென்ஸில் பார்த்தால் காரணம் தெரிந்துவிட்டது. ஃபயரிங் பின் விழும் இடத்தில் எஃகில் செவ்வகப் பள்ளம், அதிலிருந்து சேம்பருக்குள் நீட்டிக்கொண்டு ஒரு பிசிறு. காலியாக வைத்து டிரிகரை இழுத்து விளையாடியதன் பலன். சில ரிம்ஃபயர் துப்பாக்கிகளில் பின் சேம்பர் ஓரத்தைத் தொடாதபடி தடுப்பு இருக்கும், அவற்றில் காலியாக இழுக்கலாம். இதில் அப்படி இல்லை. ஆறு சேம்பரிலுமே தடம் இருந்தது, இந்த இரண்டில் ஆழம். பிசிறு தோட்டாவை நிறுத்துகிறது, பள்ளமோ சரியாக அடிவிழும் இடத்தில் முட்டு இல்லாமல் செய்கிறது. கெடுதல் இரட்டை.

பிசிறை அரத்தால் தேய்த்து எடுக்கக் கை துறுதுறுத்தது. எடுக்கக் கூடாது. தேய்த்த உலோகம் திரும்ப வராது, பள்ளம் அப்படியே இருக்கும். இதற்கென்று சேம்பர் ஐயன் என்று ஒரு கருவி உண்டு. கடினப்படுத்திய எஃகில், நுனி கூம்பாக, மழமழவென்று மெருகிட்ட ஒரு முளை. வெட்டாது. உள்ளே நுழைத்து அழுத்தி உருட்டினால் பிதுங்கிய உலோகத்தை வந்த வழியே பள்ளத்துக்குள் திருப்பித் தள்ளும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கொஞ்சம் அழுத்தம், கொஞ்சம் உருட்டல், எடுத்து லென்ஸில் பார்த்தல், மறுபடி. இரண்டாவது சேம்பரில் பள்ளம் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. ஐந்தாவதில் முக்கால் பாகம்தான், கொஞ்ச உலோகம் உடைந்தே போயிருக்கிறது. காலிக் கேஸ் இரண்டிலும் தடையில்லாமல் இறங்கியது, கீறலும் நின்றது. இந்த மொத்த வேலையிலும் அதிகச் செலவு இந்தக் கருவிதான், ஒரே தடவை உபயோகம். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் சிலிண்டரை மட்டும் கொடுத்திருந்தாலும் ஆகியிருக்கும்.

காலியாக இழுத்துப் பழக வேண்டும் என்றால் வெடித்த கேஸ்களையே போட்டு, தடம் படாத பக்கம் மேலே வரும்படி அவ்வப்போது திருப்பிக்கொள்ளலாம். சுவரில் திருகு இறுக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் பிளக்குகளைப் போடுகிறவர்களும் நிறைய. எது போட்டாலும் உண்மைத் தோட்டாவோடு குழம்பாத நிறத்தில் இருந்தால் நல்லது.

உள் இயக்கத்தை மூடியிருக்கும் பக்கத்தகட்டைக் கழற்றியது அடுத்து. திருகின் காடிக்குக் கச்சிதமாகப் பொருந்தும் முனை இல்லாமல் இதில் இறங்கவே கூடாது, ஒரு தடவை வழுக்கினால் தழும்பு ஆயுசுக்கும் நிற்கும். திருகுகள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இடம் மாற்றக் கூடாது, முன்பக்கத் திருகு சிலிண்டரைத் தாங்கும் கையைப் பிடித்துக்கொள்வதற்காகவே பொருத்தப்பட்டது. அட்டையில் துப்பாக்கியின் படத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்திவைத்தேன். தகட்டை நெம்பாமல், கைப்பிடிச் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் தட்டினால் அது தானாக எழும்பிக்கொள்ளும். உள்ளே பழைய எண்ணெய் காய்ந்து பழுப்பாகக் கெட்டியாகியிருந்தது. கழுவித் துடைத்து, அச்சுகளில் மட்டும் ஊசிமுனையால் ஒரு சொட்டு. ஹேமரின் வலப்பக்கத்தில் சட்டத்தில் உரசியதற்கு அடையாளமாக மெல்லிய பளபளப்புக் கோடு ஒன்று இருக்கிறது. கையால் ஆட்டிப் பார்த்ததில் தடை எதுவும் தெரியவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். ஃபயரிங் பின்னின் நுனி மழுங்கவில்லை, உடையவில்லை, துளையிலும் தாராளமாக ஓடியது. இந்தக் கட்டத்தால் பெரிய முன்னேற்றம் எதுவும் இல்லை, செய்ததில் நஷ்டமும் இல்லை.

சிலிண்டரின் முன்பின் ஆட்டம் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. மூடிய சிலிண்டரைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் டிக் டிக் என்று கேட்டது. அளப்பதற்கு ஃபீலர் கேஜ் போதும். சிலிண்டரைப் பின்னால் தள்ளிப் பிடித்துக் குழலுக்கும் சிலிண்டர் முகத்துக்கும் உள்ள இடைவெளி 0.23 மி.மீ. முன்னால் தள்ளிப் பிடித்தால் 0.15. வித்தியாசம் 0.08 மி.மீ. ஹேமர் அடிக்கும்போது விளிம்பு நசுங்குவதற்கு முன்னால் சிலிண்டரே அந்த 0.08-ஐ முன்னால் ஓடிவிட்டுத்தான் நிற்கிறது. கேட்டால் ஒன்றுமில்லாத தூரம். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள விளிம்பை நசுக்கும் வேலையில் அது ஒன்றுமில்லாதது இல்லை.

இதற்கு 0.05 மி.மீ. தடிமனில் எஃகு வளையங்கள் கிடைக்கின்றன. சிலிண்டரைத் தாங்கும் கையின் குழாய் நுனிக்கும் சிலிண்டரின் உட்புறத்துக்கும் நடுவில் உட்காரும். ஒன்று போட்டேன். முன்னால் தள்ளினால் இடைவெளி 0.20, பின்னால் தள்ளினால் பழையபடி 0.23. ஆட்டம் 0.03 ஆகிவிட்டது. இரண்டாவதைப் போட்டால் இறுகிவிடும். வளையம் சல்லித் தகடு, இடுக்கியில் பிடித்தால் மடங்கும், எண்ணெய் தொட்ட குச்சியின் நுனியில் ஒட்டி உள்ளே விட்டேன். பொருத்திய பின் சிலிண்டரைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எங்கும் பிடிக்கவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு டபுள் ஆக்‌ஷனில் பெட்டிக்கு ஒன்று நின்றுகொண்டுதான் இருந்தது. தடமும் அதே மழுங்கல். சேம்பரும் முட்டும் சரி என்றால் மிஞ்சுவது அடியின் பலம்தான்.

கைப்பிடியின் முன்பக்கம், அடியில், ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதன் நுனி பட்டை ஸ்பிரிங்கை உள்ளே தள்ளி வளைத்துப் பிடித்திருக்கும். ஸ்ட்ரெயின் ஸ்க்ரூ என்பார்கள். அதைக் கொஞ்சம் தளர்த்தினால் டிரிகர் லேசாகும், அதனால் தளர்த்துவார்கள். பார்த்தேன், இறுக்கமாகவே இருந்தது. ஆரம்பத்திலேயே இதைத் தொட்டுப் பார்த்து, இறுக்கமாக இருக்கிறதே என்று தாண்டிப் போயிருந்தேன். இப்போது வெளியே எடுத்து லென்ஸில் வைத்தால் நுனி உருண்டையாக இல்லை, தட்டையாக, அரம் போட்ட கோடுகளோடு இருக்கிறது. யாரோ டிரிகரை மென்மையாக்குவதற்கு நுனியைத் தேய்த்துவிட்டு, பார்ப்பவருக்குத் தெரியாதபடி முழுக்க இறுக்கி வைத்திருக்கிறார்கள்.

புதுத் திருகு வரும்வரை காத்திருக்காமல் ஒரு பழைய தந்திரத்தைச் செய்துபார்த்தேன். வெடித்து முடிந்த சென்டர்ஃபயர் (அடியின் நடுவில் தனிப் பிரைமர் உள்ள தோட்டா) பிரைமர் ஒன்றின் உள்ளிருக்கும் துண்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது குட்டிக் குல்லாய். திருகின் நுனியில் அதை மாட்டி இறுக்கினால் திருகு அரை மில்லிமீட்டர் வாக்கில் நீண்டதற்குச் சமம். வெடித்து முடிந்ததா என்பதில் சந்தேகமே இருக்கக் கூடாது, சொல்லவே வேண்டாம். குல்லாயோடு டபுள் ஆக்‌ஷனில் மட்டும் சுட்டேன், வேண்டுமென்றே மலிவு ரகத் தோட்டா. தடங்கள் எல்லாம் கூர்மை. மறு அடி கொடுக்க வெடிக்காதது ஒன்றுகூட மிஞ்சவில்லை.

புதுத் திருகையும் பழையதையும் வெர்னியரில் வைத்தபோது வித்தியாசம் 0.55 மி.மீ. தொங்குதராசுக் கொக்கியை டிரிகரில் மாட்டி இழுத்ததில் முன்பு 3.9 கிலோவில் விழுந்த ஹேமர் புதுத் திருகுக்குப் பிறகு 5 கிலோவுக்கு மேலே போய்த்தான் விழுந்தது. விரலுக்குத் தெரிகிற வித்தியாசம்தான். ரிம்ஃபயர் ரிவால்வர்களின் டபுள் ஆக்‌ஷன் சென்டர்ஃபயரைவிடக் கனமாக இருப்பது சும்மா இல்லை, மடித்த பித்தளை விளிம்பை நசுக்க அவ்வளவு அடி வேண்டும். லேசான டிரிகர் வேண்டும் என்றால் உள்ளே உரசும் பரப்புகளை மெருகேற்றலாம், அது வேறு வேலை, நிதானமான வேலை. ஸ்பிரிங்கின் பலத்தைத் திருடி லேசாக்கினால் கடைசியில் டொக் என்றுதான் முடியும். திருகின் மரையில் நடுத்தர வலுவுள்ள மரைப்பசை ஒரு சொட்டு விட்டிருக்கிறேன், அதிர்வில் தளராமல் இருக்க.

திருகின் விலை ஒரு பெட்டித் தோட்டாவுக்குக் கீழே. அதைக் கண்டுபிடிக்கச் சுட்ட தோட்டாக்களின் விலையில் இன்னும் பல திருகுகள் வாங்கியிருக்கலாம். ஆனால் முதலிலேயே திருகை மட்டும் மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். வளையமும் பிசிறும் ஆட்டமும் அப்படியே இருந்திருக்கும், பலமான அடி அவற்றை மூடி மறைத்திருக்கும், கொஞ்ச நாளில் சேம்பர் அழுக்கானதும் மறுபடி ஆரம்பித்திருக்கும். ஒவ்வொன்றும் அடியில் கொஞ்சம் கொஞ்சம் தின்றுகொண்டிருந்தது. தோட்டாவின் விளிம்பு தடிமனாக அமைந்து, சேம்பர் சுத்தமாக இருந்து, சிலிண்டர் பின்னால் நின்ற நேரத்தில் வெடித்தது. மூன்றும் எதிராக அமைந்தபோது நின்றது.

அடுத்து இப்படி ஒன்று கைக்கு வந்தால் வரிசையை மாற்றுவேன். கணக்கெடுப்பும் மறு அடிச் சோதனையும் முதலிலேயே, அதில் மாற்றமில்லை. அதற்கடுத்து ஸ்ட்ரெயின் ஸ்க்ரூவை இறுக்கிப் பார்ப்பதோடு விடாமல் வெளியே எடுத்து நுனியைப் பார்ப்பேன், ஐந்து நிமிட வேலை. கூடவே டிரிகர் எடை. பிறகு சேம்பரும் நட்சத்திரத்தின் அடியும், பிறகு ஃபீலர் கேஜ். பக்கத்தகட்டைக் கடைசிவரை தொடமாட்டேன். தோட்டா ரகம் மாற்றுவதைச் சோதனையாக வைக்காமல், மோசமான ரகத்தையே சோதனைத் தோட்டாவாக வைத்துக்கொள்வேன். நல்ல தோட்டா துப்பாக்கியின் குறையை மறைத்துவிடுகிறது.

இப்போது மலிவு ரகத்தில் எப்போதாவது ஒன்று நிற்கிறது. தடம் ஆழமாக, கூர்மையாக இருக்கிறது, மறு அடிக்கும் மசிவதில்லை, அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டால் வெடித்துவிடுகிறது. அது மருந்து ஓடாத விளிம்பு, நான் செய்ய ஒன்றுமில்லை. ஒரு பெட்டி முடிந்ததும் ஆறு சேம்பரிலும் காய்ந்த பிரஷ் ஒரு தடவை, நட்சத்திரத்தின் அடியில் ஒரு தட்டு, இவ்வளவும் சுடுதளத்திலேயே செய்துவிடுகிறேன். ஐந்தாம் சேம்பரின் பள்ளம் முழுசாக நிரம்பவில்லை என்பது மனதில் இருக்கிறது. அதன் எண்ணை மட்டும் மார்க்கரில் அழிக்காமல் வைத்திருக்கிறேன். தவறுவது அங்கே மட்டும் திரும்ப ஆரம்பித்தால் இனி என் மேசையில் ஆகிற வேலை இல்லை, வேறு சிலிண்டர் பொருத்தித்தான் ஆக வேண்டும்.